இன்ஷியலுக்கு ஒரு குடும்பப் பெயர்

சீனாவுக்கு மருத்துவம் படிக்கக் கிளம்பும் எங்கள் தேவிபட்டினத்துப் பிள்ளைகள் சிலர், போகும்முன் என்னிடம் வந்து ஒரு சீனப் பெயர் கேட்பார்கள். நான் மாண்டரின் கற்றது சிங்கப்பூரில்.

முதலில் நான் கேட்பது இன்ஷியலைத்தான். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும், பெரும்பாலும் ஒரே எழுத்தாக. நாமும் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால்தானே வைக்கிறோம்? சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் சீனப் பெயர் ஷாங் தாமான். அப்பா சண்முகரத்தினத்தின் பெயர், 'ஷாங்' என்ற அசல் சீனக் குடும்பப் பெயராகி முன்னே வந்துவிட்டது. நான் தொழில் கற்றது அந்தப் பெயரைப் பார்த்துத்தான்.

ஒரு பெண் வந்தாள். பெயர் யாழினி, இன்ஷியல் மு. 'மூ' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. அமைதி, கண்ணியம் என்று பொருள். யாழினிதான் இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது. மாண்டரின் ரகரம் நம் ழகரத்துக்கு வெகு அருகில் ஒலிக்கும். அதை நம்பி நான்கைந்து சேர்க்கைகள் எழுதிப் பார்த்தேன். ஒலி வந்தது, பொருள் ஒட்டவில்லை. பிறகு ழகரத்தை விட்டுவிட்டு யாழைப் பிடித்தேன். 'யா' என்றால் நயம். 'ச்சின்' அவர்களுடைய ஏழு நரம்புப் பழைய இசைக்கருவி. மூ யாச்சின்! சீனப் பெண்களுக்கு இயல்பாக வைக்கும் பெயர்தான் யாச்சின். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எழுதியதை வாய்விட்டுச் சொல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. 'மா' என்பதையே தொனி மாற்றிச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று நாலு பொருள். சிங்கப்பூரில் இருக்கும் சீன நண்பருக்குப் போன் போட்டு அவரையும் சொல்லச் சொல்வேன்.

எங்கள் ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. முகமது என்று தொடங்கும் பெயருக்கு நான் புதிதாகத் தேடுவதே இல்லை. சீனத்து ஹுய் முஸ்லிம்களிடம் பரவலாக இருக்கும் 'மா' என்ற குடும்பப் பெயர் முகமதிலிருந்து வந்தது என்பார்கள். எழுத்து என்னவோ குதிரையைக் குறிக்கும் எழுத்து. அதைக் கேட்டு ஒரு பையனின் அத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் 1409-இல் பொறித்த கல்லை இலங்கைக் காலியில் வைத்த கடற்படைத் தலைவர் செங் ஹ, பிறப்பால் மா குடும்பத்துப் பிள்ளை. 'செங்' பேரரசர் பிற்பாடு கொடுத்தது என்று சொன்னேன்.

"தமிழ்லயும் வெட்டுனாரா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப அதையே எழுதுங்கண்ணே."