சேம அச்சு

நுழையும்முன்

சக்கரம் உருளத் தொடங்கிய நாள்முதல் அது பழுதாவதும் உடன் தொடங்கியது. ஓசூரிலிருந்து ஒகேனக்கல் நோக்கிப் புறப்பட்டு, அஞ்செட்டி மலைப்பாதையில் தடைப்பட்ட ஒரு குடும்பத்தின் பயணத்தை இப்பாடம் கூறுகிறது.

புறப்பாடு

ஆடிப்பெருக்கிற்கு முதல்நாள். ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் முன் பழைய வேன் ஒன்று நின்றது. அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், தண்ணீர்க்குடம் என ஒரு வீடே அதனுள் ஏறியது. வழியில் சமைத்து, வேனிலேயே உறங்கி, காவிரியில் நீராடி, இரண்டாம் நாள் இரவில் திரும்புவது திட்டம். தொழிற்சாலையொன்றில் ஃபிட்டராகப் பணிபுரியும் தந்தை, எந்த மணிக்கு எந்த ஊர் என்பதைத் தாளில் குறித்து வைத்திருந்தார். அத்திட்டத்தில் பாட்டிக்கு இடமில்லை.

“எழுபத்தெட்டு வயதில் மலைப்பாதை உனக்கு ஒத்துக்கொள்ளாது அம்மா. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் அவர்.

“அடுத்த ஆண்டும் காவிரி இருக்கும். நான் இருப்பேனா?” என்றார் பாட்டி.

அஞ்செட்டிக்கு அருகிலுள்ள மலைச்சிற்றூரில் பிறந்தவர் அவர். மணமாகி ஓசூர் வந்தபின் ஆடிப் பதினெட்டில் காவிரியைக் கண்டதேயில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்தி பிடிவாதம் பிடித்ததால், பின்னிருக்கையில் பாத்திரங்களுக்கு நடுவே அவருக்கு இடம் கிடைத்தது.

தேன்கனிக்கோட்டையைக் கடந்ததும் காடு சூழ்ந்துகொண்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரந்துள்ள இக்காட்டில் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இது யானைகளின் வாழிடம். ஏற்றம் ஒன்றில் என்ஜின் கொதித்தது. குடிநீரெல்லாம் ரேடியேட்டருக்குள் போயிற்று. அடுத்த வளைவில் புளிக்குழம்புப் பாத்திரம் கவிழ்ந்து பாயை நனைத்தது. மாலை நான்கு மணியளவில், கொண்டை ஊசி வளைவொன்றில் பின்சக்கரத்தின் டயர் கிழிந்தது.

தந்தை கலங்கவில்லை. ஸ்டெப்னியைக் கழற்றி இறக்கினார். விரலால் அழுத்தியதும் அவர் முகம் மாறியது. அதிலும் காற்று இல்லை. மணிதோறும் ஊரைக் குறித்தவர், அதைச் சரிபார்க்க மறந்திருந்தார்.

உமணரின் அறிவு

‘ஸ்டெப்னி’ என்பது ஒரு தெருவின் பெயர். தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டு உருவான மாற்றுச் சக்கரம் அத்தெருவின் பெயராலேயே உலகெங்கும் பரவியது. இந்தியச் சாலைகளில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆயினும், மாற்று ஒன்றை உடன்கொண்டு செல்லும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. சங்ககால உப்பு வணிகரான உமணர், குடும்பத்தோடு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றனர். கைக்குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்ட, ஊறுகாய்க் கலமும் கோழிக்கூடும் வண்டியில் அசைந்து சென்ற காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை தீட்டுகிறது. அக்கோழிக்கூட்டை, யானை புகாமல் புனம் காப்போரின் குடிலுக்கு அந்நூல் ஒப்பிடுகிறது. அஞ்செட்டிப் பகுதியில் கேழ்வரகு விளையும் காலத்தில், மரத்தின்மேல் குடிலமைத்து இரவெல்லாம் யானைக்காவல் காப்போரை இன்றும் காணலாம்.

பள்ளத்திலோ மேட்டிலோ அச்சு முறியக்கூடும் என்று எண்ணிய உமணர், வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை, புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இச்சேம அச்சோடு ஒப்பிடுகிறார். அத்தகடூரே இன்றைய தருமபுரி. மன்னனுக்கு உவமையாகும் பெருமை, வண்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு கட்டைக்குக் கிடைத்தது.

சேமித்த மாற்றும் கைவிடும்போது என் செய்வது? 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேல். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் நீக்கினார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கினார். தடுப்புக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார். மேடுகளில் மகன்கள் வண்டியைத் தள்ளினர். மாற்றுப் பொருள் இல்லாத இடத்தில் மனிதர்களே மாற்றாயினர்.

வளைவில் ஒரு மாலை

அஞ்செட்டி வளைவிலும் அதுவே நிகழ்ந்தது. வேனிலிருந்து மெல்ல இறங்கிய பாட்டி, சாலையோரத்தை உற்று நோக்கினார். காயாத யானைச்சாணமும் புதிதாக முறிந்த மூங்கிலும் கிடந்தன. “சத்தம் போடாதீர்கள், இது அவை தண்ணீருக்கு இறங்கும் வழி” என்றார். அவ்வழியே இருசக்கர வண்டியில் வந்த உழவர் ஒருவரை நிறுத்திக் கன்னடத்தில் பேசினார். அப்பேச்சில் பாட்டி பிறந்த ஊரும், இருவரும் அறிந்த குடும்பமும் வந்துபோயின. உழவர் மறுசொல்லின்றி ஸ்டெப்னியைத் தம் வண்டியில் கட்டிக்கொண்டு அஞ்செட்டிக்குச் சென்றார்.

இருள் கவிந்தது. அனைவரும் வேனுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமர்ந்திருந்தனர். கீழே பள்ளத்தில் மூங்கில் முறியும் ஓசை கேட்டது. அழ வாயெடுத்த பேரனை மடியில் சாய்த்துக்கொண்ட பாட்டி, அவன் முதுகைத் தட்டியபடியே இருந்தார். தந்தையின் கை ஸ்டீயரிங்கில் நடுங்கியது. ஓசை மெல்ல விலகிச் சென்றது. நெடுநேரம் கழித்து, விளக்கொளியோடு உழவர் திரும்பி வந்தார். கூலியாகப் பணம் எதையும் அவர் பெற்றுக்கொள்ளவில்லை.

தொட்டல்லாக் கரையில்

அன்றிரவு அவர்கள் அஞ்செட்டியில் தங்கினர். கிழிந்த டயருக்கு மாற்று, மறுநாள் மாலைதான் ஓசூரிலிருந்து வரும். ஸ்டெப்னி இல்லாமல் நாட்றாம்பாளையம் காட்டுவழியில் செல்லத் தந்தை துணியவில்லை. ஆடிப்பெருக்கு அன்று காவிரி அவர்களுக்குக் கிட்டவில்லை.

பாட்டி வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் தொட்டல்லா ஆற்றங்கரைக்கு நடந்தார். கணுக்காலளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சளும் பூவும் இட்டு, அகல்விளக்கை இலையில் வைத்து நீரில் விட்டார்.

“இது எங்கே போகும் பாட்டி?” என்று பேரன் கேட்டான்.

“காவிரிக்குத்தான் கண்ணு. நம்மால் போக முடியாவிட்டால் என்ன? இது போய்ச் சொல்லும்.”

சற்றுத் தொலைவில் நின்ற தந்தை தலை தாழ்த்திக்கொண்டார்.

மாலையில் டயர் வந்தது, விடுப்பும் முடிந்தது. ஓசூர் திரும்புமுன் அவர் ஸ்டெப்னியை இருமுறை அழுத்திப் பார்த்தார். பின்னிருக்கையில் பாத்திரங்களை ஒதுக்கி ஏறப்போன பாட்டியின் கையைப் பற்றி நிறுத்தினார். முன்கதவைத் திறந்து, “அம்மா, நீ இங்கே உட்கார்” என்றார்.