பத்து ஆம்பூல்

செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்வதால், மாட்டுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கூடாது என்று 2006-ல் மத்திய அரசு தடுத்தது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரியும். சத்தியமங்கலம் பக்கம் மருந்துக்கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மாடு வைத்திருப்பவர்கள்.

தடை மாட்டு மருந்துக்குத்தான். மனிதருக்கான அதே மருந்து 30 மில்லி குப்பியில் வந்துகொண்டிருந்தது. மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். அவ்வளவு பெரிய குப்பி யாருக்கு என்பது தயாரித்தவருக்கும் தெரியும், வாங்கி அடுக்கிய எனக்கும் தெரியும்.

"மாடு எந்திரிக்க மாட்டேங்குதுங்ணா, வலி ஊசி ஒண்ணு குடுங்க" என்று வருவார்கள். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. பில்லில் மாட்டுக்காரர் பெயரையே நோயாளியாக எழுதிவிடுவேன். 2015-ல் 3 மில்லிக்கு மேல் குப்பியே கூடாது என்று ஆணை வந்தது. 3 மில்லி ஆம்பூல் பத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். பிறகு கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு வலி மருந்துகளை விற்றேன். இந்த அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முன்னமே தெரிந்திருந்தாலும் விற்றிருப்பேன். 2023-ல் அவை இரண்டையும் மாட்டுக்குத் தடுத்தபோது கையிருப்பை விற்றுத் தீர்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

மனசாட்சிக்கு ஒரு கணக்கு வைத்திருந்தேன். எத்தனையோ மாடுகள், எத்தனையோ கடைகள். என் கடைச் சரக்கால் எத்தனை பாறு கழுகு செத்துவிடும்? தவிர, கழுகு தின்ன மாயாற்றுப் பள்ளத்தாக்கில் புலி மிச்சம் வைக்கிற கடமான் இருக்கிறதே, மருந்தில்லாத இறைச்சி.

அந்தக் கணக்கு தப்பு. ஊசி போட்டுப் பிழைத்த மாட்டால் கழுகுக்கு ஆபத்தில்லை. சில நாளில் மருந்து வெளியேறிவிடும். ஊசி போட்ட ஓரிரு நாளில் சாகிற மாடுதான் விஷம். என்னிடம் வலி ஊசி கேட்டு வந்தவர்களில் பலருடைய மாடு, எழுந்திருக்க முடியாமல் சாகக் கிடந்த மாடு. அதைத் தூக்கிப்போட்டால் ஒரு கழுகு வராது, கூட்டமாக வரும். தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்துவிடும். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்துத்தான் 2004-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்கிறது ஆய்வு. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது. வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை. இழந்ததை எப்போது ஈடுகட்டும்?

பழியைப் பங்குபோட எனக்கு ஆள் கிடைக்காமலில்லை. கன்றைச் சிறுத்தை அடித்த கோபத்தில் மிச்சத்தில் பூச்சிமருந்து தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனாலும் கழுகுகள் சாகின்றன. அவர்களை நான் கடையில் உட்கார்ந்தபடி கண்டபடி திட்டியிருக்கிறேன்.

ஒருமுறை மருந்துக்கடைக்காரர்களை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். "மாட்டுக்கு டைக்ளோஃபினாக் விற்காதவர்கள் கை தூக்குங்கள்" என்றார் பேசியவர். தூக்கினேன். பக்கத்தில் இருந்த கடைக்காரரும் தூக்கினார். அவர் விற்பது எனக்குத் தெரியும், நான் விற்பது அவருக்கும் தெரியும். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மாற்று மருந்து இல்லாமலும் இல்லை. மெலாக்சிகாம் கழுகுக்குக் கேடு செய்யாது என்பது 2006-லேயே வெளிவந்துவிட்டது. நானும் கொஞ்சம் வாங்கி வைத்துப் பார்த்தேன். அதைப் பேர் சொல்லி யாரும் கேட்கவில்லை. எடுத்துச் சொல்லி விற்க நானும் மெனக்கெடவில்லை. காலாவதியாகிப் பணம் முடங்குமென்று அடுத்த முறை ஆர்டர் சீட்டில் அதை அடித்துவிட்டேன்.