தஞ்சோங் ரம்புத்தானும் மோட்டார் பைத்தியமும்

வெளியூரில் யாரிடமாவது "எனக்குச் சொந்த ஊர் தஞ்சோங் ரம்புத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் வாய்க்குள்ளேயே சிரிப்பார். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இந்தச் சின்னப் பட்டணத்தின் பெயரை நாடு முழுவதும் பரப்பிவிட்டது. மருத்துவமனையின் இன்றைய பெயர் 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி. அங்கே சிகிச்சை பெறுபவர்களைக் கேலி பேசுவது நல்ல பழக்கமல்ல. ஆனால் ஒரு பேச்சு வழக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். மகன் பொழுதெல்லாம் மோட்டார் சைக்கிளே கதியென்று கிடந்தால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று நம் தாய்மார் அலுத்துக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளை எங்கே அனுப்புவதாம்?

வாசகர்களே, ஒரு நாள் நீங்களே அந்தப் பக்கம் போய் வாருங்கள். ஈப்போவிலிருந்து தம்பூன் வழியாகப் போனால் சுண்ணாம்புக் குன்றுகள் சுவர் போல எழுந்து நிற்கும். சாலையோரத்தில் பம்ப்ளிமாஸ் பழங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கிந்தா ஆறு எங்கேயோ பக்கத்திலேயே கூட வரும். பட்டணம் என்று சொன்னாலும் சில வரிசைக் கடைகள், ஒட்டுக்கடைகள், ரயில் நிலையம், அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும்தான் பிழைப்பு. 1985இல் ஈயத்தின் விலை சரிந்து விழுந்தது. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்தன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் கொண்டு வந்த சொத்தில் ஒன்று, பழைய 'கப்சாய்' மோட்டார்.

அந்தக் கப்சாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் 'சூப்பர் கப்' என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. 'கப்' என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து நம் நாட்டில் 'கப்சாய்' ஆயிற்று. 2017க்குள் உலகெங்கும் 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். நம் வீடுகளில் அது செய்யாத வேலை உண்டா? அப்பாவைப் பெரட்டுக்குக் கொண்டு போகும். பின்னால் பால் டின் தொங்கும். பிறகு அதே வண்டியில் மூன்று பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போவார்கள். மாலையில் மாட்டுக்குப் புல் கட்டு வரும். வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போவதும் அதில்தான்.

பந்தயப் பித்து பந்தய மைதானத்தில் பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பாவின் வண்டியைக் கழுவச் சொல்லும்போதே தொடங்கிவிடுகிறது. கழுவுகிற பையன் சங்கிலி தளர்ந்திருப்பதைப் பார்க்கிறான். இறுக்கிப் பார்க்கிறான். வண்டியின் ஓட்டம் மாறுகிறது. தன் கையால் ஒன்று மாறியது என்ற அந்த ருசி சாதாரணமானதல்ல. பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, "நீ எதற்கும் உதவமாட்டாய்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய ருசி.

அடுத்த படி பட்டணத்து மோட்டார்ப் பட்டறை. சீனத் தௌக்கே குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். பையன் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். முதலில் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை, சம்பளம் கிடையாது. சில மாதங்களில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்துவிடும். பல்சக்கரக் கணக்கும் புரிந்துவிடும். முன் பல்சக்கரத்தில் 14 பல் இருந்த இடத்தில் 13 போட்டால் வண்டி சட்டென்று பாயும், ஆனால் உச்ச வேகம் குறையும். 15 போட்டால் கிளம்பச் சோம்பும், நீண்ட சாலையில் ஓடும். பின்னக் கணக்கில் முட்டை வாங்கியவன் இதை விரல் விட்டுச் சொல்வான்! ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கு வராத பிள்ளை அவன் இல்லை என்பது என் கட்சி.

1985இல் யமஹாவின் ஆர்.எக்ஸ்.இசட். நம் நாட்டில் வந்தபோது இந்த மோகம் இன்னொரு படி ஏறியது. அது டூ ஸ்ட்ரோக் இயந்திரம். எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடித்துத் தள்ளும். நான்கு ஸ்ட்ரோக் கப்சாய் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். எடை குறைவு, இழுவை அதிகம், சத்தமோ காதைத் துளைக்கும். 2011இல் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் அதை வைத்திருப்பவர்கள் 2024இல்கூடத் திரங்கானுவில் பெருங்கூட்டமாகக் கூடினார்கள்.

பட்டறையிலிருந்து சாலைக்குப் போகும் முதல் இரவில் பையன் ஓட்டுவதில்லை, வேடிக்கைதான் பார்க்கிறான். யாரோ ஒருவன் அவன் பழுது பார்த்த வண்டியில் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த சந்தி வரை இன்னொருவனோடு பாய்கிறான். ஒரு சக்கர அளவில் ஜெயிக்கிறான். "யார் போட்ட கார்புரேட்டர்?" என்று ஒருவர் கேட்கிறார். எல்லாரும் இவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான், தூண்டில் மாட்டிவிட்டது. வேகம் பிறகு வருவது. முதலில் பிடித்து இழுப்பது அந்த ஒரு பார்வை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வியாதி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா இளைஞர்கள் 1930களிலேயே பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தெருவிலும் ஓட்டினார்கள், ஊர் திட்டியது. 1950இல் சாந்தா அனா என்ற இடத்தில் ஒரு விமான ஓடுபாதையில் முறையாகப் பந்தயம் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு, 1951இல், வாலி பார்க்ஸ் என்பவர் தேசியச் சங்கமே அமைத்தார். கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் இரண்டு வண்டிகள்: இதுதான் 'டிராக் ரேஸ்'. நம் பையன்கள் "ஃபோர் ஓ டூ" என்று சொல்வது இந்த 402ஐத்தான்.

நம் முன்னோரின் நாட்டிலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று கிடந்தது. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்கள் நடத்தியது. காரும் மோட்டார் சைக்கிளும் பார்க்கச் சனம் திரண்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே அமைந்தது.

ஏன் எல்லாரும் விமான ஓடுபாதையைத் தேடிப் போனார்கள்? நீளமாக இருக்கும், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தயம் முடிந்த பிறகும் தடம் மிச்சம் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். 402 மீட்டரை 15 விநாடியில் கடந்தால் சராசரி வேகமே மணிக்கு 96 கிலோமீட்டர் ஆகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பியதால், முடிவில் வேகம் அதைவிட அதிகம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போய்விடும். பிரேக்கைத் தொட நினைப்பதற்குள் ஒரு லயத்து நீளம் கழிந்துவிடும். நம் சாலையில் 402 மீட்டருக்கு அப்புறம் என்ன இருக்கிறது? சந்தி இருக்கிறது. மணல் லாரி இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும் அக்கா இருக்கிறார். விடியுமுன் செம்பனைத் தோட்டத்துக்கு விளக்கில்லாச் சைக்கிளில் போகும் மாமா இருக்கிறார். பந்தயத்தில் சேராத இவர்களும் அதில் அடிபடுகிறார்கள்.

2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை ஜொகூர் பாருவில் எட்டுச் சிறுவர்கள் காரில் மோதி மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களிடம் மோட்டார்கூட இல்லை; 'பாசிக்கல் லாஜாக்' என்னும் மாற்றியமைத்த சைக்கிள்கள்தான். பித்துக்கு எஞ்சின் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுபவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும், 15,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. போலீஸ் தடுப்புப் போட்டால் பையன்கள் சந்து வழியாக ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் விழுவது பந்தயத்தில் விழுவதைவிட மோசம்.

முறையான இடம் இல்லாமலில்லை. 1994 முதல் 'கப் பிரிக்ஸ்' போட்டிகள் ஊர் ஊராக நடந்து வந்திருக்கின்றன. வளைந்த தடத்தில் கப்சாய் வகை வண்டிகளே ஓடும். 1999இல் திறந்த செப்பாங் ஓட்டப் பாதையில் நேர்கோட்டுப் பந்தயங்களும் நடந்துள்ளன. ஆனால் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து செப்பாங் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். லாரி வாடகை, நுழைவுப் பணம், தலைக்கவசம், தோல் உடை எல்லாம் சேர்ந்தால், பட்டறையில் மாதச் சம்பளம் வாங்கும் பையன் எங்கே போவான்? கிந்தா பள்ளத்தாக்கில் மூடிக் கிடக்கும் சுரங்க நிலம் கொஞ்சமா? மாதத்தில் ஓர் இரவு, ஆம்புலன்ஸ் நிற்க, நேராக ஒரு கிலோமீட்டர் தார் போட்டுக் கொடுப்பது ஆகாத காரியமா? பேராக்கில் இதைக் கேட்கத் தமிழர் சங்கங்கள் முன்வந்தால் நல்லது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 16 வயதில் 250 சி.சி. வரையுள்ள மோட்டாருக்கு 'பி2' லைசென்ஸ் எடுக்கலாம், அதை எடுக்க வையுங்கள். பையன் கையில் கறுப்பு எண்ணெயோடு இரவு பத்து மணிக்கு வந்து சோற்றுக்கு உட்காரும்போது, "எங்கே சுற்றிவிட்டு வருகிறாய்?" என்று தொடங்காமல், "முன் பல்சக்கரத்துக்கு எத்தனைப் பல் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அவன் எங்கே, யாரோடு, எந்தச் சாலையில் என்பதையெல்லாம் நீங்கள் கேட்காமலேயே சொல்வான்.