பாலத்துக்கு வந்த போரும் கடைத்தெருவுக்கு வந்த போரும்



தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருபவர்களுக்கு நம்ம ஊரில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்றுதான். பாலத்துக்கு ஒதுக்கிய இரும்பு முதலாம் உலகப் போருக்குப் போய்விட்டதாம். அதனால்தான் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்து 1921இல் கட்டி முடித்தார்களாம். பதுளையில் அந்தப் போரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். கேட்க நல்ல கதை. யாருக்கும் காயமில்லை, கடைசியில் அழகான பாலமும் கிடைக்கிறது.

வகுப்பில் நாங்கள் போரின் காரணங்களைப் படிப்பிக்கிறோம். 1914 ஜூன் 28, சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் சுடப்பட்டார். ஒஸ்திரியா சேர்பியாவைத் தாக்கியது. சேர்பியாவுக்கு ரஷ்யா, ஒஸ்திரியாவுக்கு ஜேர்மனி, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் என்று ஒன்றை ஒன்று இழுத்தன. ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் ஓகஸ்ட் 4இல் பிரித்தானியா இறங்கியது. அன்றே இலங்கையும் போரில்தான். குடியேற்ற நாட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

இதையெல்லாம் பிள்ளைகள் பாடமாக்கி எழுதுவார்கள். பிறகு ஒருவர் கேட்பார்: "அதுக்கும் நமக்கும் என்ன சேர்?"

நிறைய இருக்கிறது. அது தொழிற்சாலைகளும் கப்பல்களும் சேர்ந்து நடத்திய போர். தொழிற்சாலைக்கு இறப்பர் வேண்டும், சிப்பாய்க்குத் தேநீர் வேண்டும், எல்லாம் கடல் தாண்டி வரவேண்டும். வழியை மறித்தால் எதிரி தள்ளாடுவான். பிரித்தானியா போரில் இறங்கி இரண்டே நாளில், ஓமான் கரைக்கு அப்பால், தேயிலை ஏற்றிப்போன 'சிட்டி ஒஃப் வின்செஸ்டர்' கப்பலை ஜேர்மன் போர்க்கப்பல் பிடித்துக்கொண்டது. மலையில் கிள்ளிய கொழுந்தும் அன்றிலிருந்து போர்ப்பொருள்தான்.

அடுத்து எம்டன். செப்டெம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்க் குதங்களைச் சுட்டு எரித்தது. இந்து சமுத்திரத்தில் கப்பல் கப்பலாக மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை முடித்தது. கப்பல் போய் நூறு வருடம் கடந்தும், பொல்லாத ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம்.

பக்கத்தில் இருக்கும் தியத்தலாவைக்கு வருவோம். ஜேர்மனியில் பிறந்து இலங்கையில் பௌத்த துறவியாக வாழ்ந்த ஞானதிலோக்க தேரரை அங்குள்ள முகாமில் அடைத்தார்கள். 1915இல் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர் செய்த குற்றம், பிறந்த நாடு.

தோட்டத்துத் துரைமாரின் படையான இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பகுதி 1914 ஒக்டோபரில் எகிப்துக்குப் போனது. அவர்களில் பலர் பின்னர் கலிபோலியில் நின்றார்கள். எதிரே நின்றது உஸ்மானியக் கலீபாவின் படை. இங்கே நம் முன்னோர் கலீபாவை மதித்தவர்கள். துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காக 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதருக்காக ஒன்று திரண்ட சமூகம் இது. ஆட்சியாளர் ஒரு பக்கம், கலீபா மறுபக்கம். வாயைத் திறக்க முடியாத நிலை.

கலிபோலியில் படை இறங்கியது 1915 ஏப்ரல் 25. ஒரு மாதம் கழித்து, மே 28 வெசாக் இரவு, கண்டியில் கலவரம் தொடங்கியது. பள்ளிவாசல் முன்னால் இசையோடு பெரஹரா போகலாமா என்ற கம்பளை வழக்கின் கசப்பு முன்பே இருந்தது. வியாபாரப் போட்டியும் இருந்தது. அதன்மேல் போர் வந்து விழுந்தது. கப்பல் குறைந்தது, சாமான் விலை ஏறியது. விலையை ஏற்றிய போர் கண்ணுக்குத் தெரியவில்லை. தராசு பிடித்த முஸ்லிம் கடைக்காரர் தெரிந்தார். கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. உயிர்களும் போயின.

அடுத்து அநியாயம் சிங்கள மக்கள் பக்கம் திரும்பியது. பின்னால் ஜேர்மனியின் கை இருக்கலாம் என்று பயந்த அரசு ஜூன் 2இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. விசாரணை என்ற பெயரில் பலரைச் சுட்டார்கள். ஜூலை 7இல் 26 வயது ஹென்றி பேதிரிஸ் சுடப்பட்டார். டீ. எஸ். சேனாநாயக்க சிறையில் கிடந்தார். சட்டசபையில் இராணுவச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய பொன்னம்பலம் இராமநாதன் ஒரு தமிழர். அவர் கலவரத்தில் அடிவாங்கிய முஸ்லிம்களுக்காகவும் அதே அளவு பேசியிருக்க வேண்டும் என்ற மனக்குறை நம் சமூகத்தில் வெகுகாலம் இருந்தது. ஒரே சம்பவம், மூன்று சமூகத்துக்கும் மூன்று நினைவு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2022இல் கோதுமை மாவு விலை ஏறியபோது லயத்து வீடுகளில் ரொட்டி சிறுத்தது. டொலர் இல்லாதது ஒரு காரணம், உக்ரைன் போர் இன்னொரு காரணம். ஆனால் ஏச்சு வாங்கியது முதலில் மூலைக்கடைக்காரர்தான். அவர் எந்த இனம் என்பதும் கூடவே பேசப்பட்டது.

நம் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பதுக்கலை மார்க்கம் தடுத்திருக்கிறது. கஷ்ட காலத்தில் ஒருவர் பதுக்கினால், பழி அவரோடு நிற்காது, முழுச் சமூகத்தின் தலையில் விழும். விலைப்பட்டியலைக் கடை வாசலில் தொங்கவிடுங்கள். கொள்வனவு விலை ஏறியிருந்தால் பற்றுச்சீட்டைக் காட்டிச் சொல்லுங்கள். தோட்டத்துச் சனம் நியாயம் தெரிந்தவர்கள்.

வகுப்பில் நாங்கள் சரயேவோவில் தொடங்கிக் கடைத்தெருவில் முடிக்கப் பார்க்கிறோம். போருக்கு ஒரு காரணம் போதாது என்று பரீட்சையில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு கிலோ மாவின் விலைக்கும் ஒரு காரணம் போதாது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த பிள்ளை, நாளைக்கு யாராவது ஒரு கடையைக் கைகாட்டினால், கல்லை எடுக்க முன் கேள்வி கேட்கும்.