பின்னோக்கும் கண்

இறைவன் மனிதனுக்குக் கண் இரண்டையும் முகத்தின் முன்புறத்தே அமைத்தான். பின்னே காண வேண்டின் கழுத்தைத் திருப்பிக் காண்க என்பது அவன் கருத்துப் போலும். நடப்போனுக்கு அது போதும். வண்டி ஓட்டுவோனுக்குப் போதாது. அவ்வண்டியும் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைத் தன்னகத்தே கொண்ட வீட்டூர்தியாயின் கூற வேண்டுவதில்லை. எம் சித்தப்பாவின் வீட்டூர்தி அத்தகையது. அதன் பின்சுவரில் சன்னல் இல்லை. பக்கக் கண்ணாடிகள் இருமருங்கும் காட்டுமேயன்றி, நேர்ப் பின்னே நிற்பதைக் காட்டா. ஆகவே, பின்புறத்தே சிறியதொரு காமிராவைப் பொருத்தி, அது காணும் காட்சி ஓட்டுவோன் முன்னுள்ள திரையில் தோன்றுமாறு செய்துள்ளனர்.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்க நாட்டில் 1956-ஆம் ஆண்டிலேயே பியூக் நிறுவனத்தார், கண்ணாடிக்கு மாறாகத் தொலைக்காட்சிக் காமிராவைப் பின்னே வைத்து, மாதிரிக் கார் ஒன்றைச் செய்து காட்டினர். ஆயினும், அந்நாட்டில் அது சட்டமாதற்கு ஒரு குழந்தையின் உயிர் விலையாயிற்று. 2002-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தந்தை தம் வீட்டு வாயிலில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினார். பின்னே வந்து நின்ற தம் 2 வயது மகனை அவர் கண்டிலர். அச்சிறுவன் பெயரால் 2008-இல் சட்டம் பிறந்தது. 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் பின்காட்சிக் காமிரா இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று.

இவற்றை யாம் பிற்பாடே படித்தறிந்தோம். படிக்குமுன் எமக்கு நேர்ந்ததொன்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சித்தப்பா தம் வீட்டூர்தியைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு குடும்பத்தாரை மணப்பாட்டிற்கு அழைத்துச் சென்றார். உதவிக்கு யாமும் உடன் சென்றோம். அவர்கள் மணற்குன்றின் மேலுள்ள கோயிலுக்கு ஏறிச் சென்றபின், வண்டியை நிழலில் நிறுத்த விழைந்து சித்தப்பா ரிவர்ஸ் கியரைப் போட்டார். திரை நீல நிறமாய் ஒளிர்ந்ததேயன்றிக் காட்சி தோன்றவில்லை.

"தம்பி, நீ பின்னே நின்று பார்த்துச் சொல்" என்றார். யாமும் இறங்கி நின்றோம். ஆனால், எம் கண் வண்டியின் பின்னே இல்லை. கடலின் மேல் இருந்தது. பாட்டொன்றின் முதலடி மனத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. "வரலாம், வரலாம்" என்று வாய் மட்டும் கூறிற்று. அவ்வேளை வலை உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அலறினார். திரும்பினோம். ஐந்து வயதிற்கு மேற்படாத சிறுமி ஒருத்தி கிளிஞ்சல் பொறுக்கியவாறு வண்டியின் பின்னே குனிந்திருந்தாள். வண்டி நின்றது. அவளுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழமும் இல்லை.

மூதாட்டியார் சிறுமியை வாரி எடுத்துக்கொண்டு எம்மைப் பார்த்த பார்வையை யாம் இன்றும் மறந்திலோம். சித்தப்பா எம்மைக் கடிந்துரைக்கவில்லை. என்ஜினை நிறுத்தினார், சக்கரங்களுக்குக் கல் வைத்தார், "இதைச் சரிசெய்த பின்பே வண்டி நகரும்" என்றார்.

புதிய காமிரா வாங்குதலே வழி என்றோம் யாம். தொலைபேசியில் கேட்ட மெக்கானிக்கும் அதனையே மொழிந்தார். சித்தப்பாவோ, "முதலில் எது நன்றாயிருக்கிறது என்று பார்ப்போம், கெட்டது தானே அகப்படும்" என்றார். சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு ஒவ்வொன்றாய்ச் சோதித்தோம். திரை ஒளிர்தலால் திரைக்குக் குறையில்லை. பின்விளக்கு எரிந்தது; காமிராவிற்குரிய மின்சாரம் அவ்விளக்கின் கம்பியிலிருந்தே பிரிகின்றது; ஆகவே வரும் மின்சாரத்திற்கும் குறையில்லை. காட்சியைச் சுமந்து வரும் நீண்ட கம்பியின் இரு முனைகளையும் கழற்றித் துடைத்து மாட்டினோம், பயனில்லை.

பின்னர் மீட்டரை எடுத்தார். காமிராவின் சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே 12 வோல்ட் இருத்தல் வேண்டும். 6-க்கும் குறைவாகவே காட்டிற்று. மீட்டரின் ஒரு முனையைச் சிவப்புக் கம்பியிலேயே வைத்து, மறுமுனையைக் கறுப்புக் கம்பியினின்று எடுத்து வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தார். முள் 12-ஐத் தாண்டிற்று. வரும் வழி செவ்விது; மீளும் வழியே அடைபட்டது என்பது தெளிவாயிற்று. வாய்க்காலில் நீர் வந்தும் வடிகால் அடைபட்டால் ஓட்டம் நின்றுபோதல் போல்வது இது. கறுப்புக் கம்பிக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே தனிக் கம்பி ஒன்றைப் பிடித்ததும் திரையில் கடற்கரை தோன்றிற்று.

கறுப்புக் கம்பியைச் சட்டத்தோடு பிணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றினோம். கம்பியின் செப்பு முனையில் பச்சைக் களிம்பு; போல்ட்டில் துரு. கடற்காற்றின் உப்பே காரணம். பின்னோக்கிய லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆயினாள் என்று வேதம் கூறும். எம் காமிராவோ உப்பினாலே பின்னோக்க மாட்டாதாயிற்று! கெட்ட முனையை நறுக்கிப் புதுமுனை பொருத்தி, இரும்பை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, ஈரம் புகாவண்ணம் கிரீஸ் பூசினோம். உப்பு செய்த கேட்டிற்கு உப்புத்தாளே மருந்தாயிற்று. புதிய காமிராவின் விலை மிஞ்சிற்று.

பணி முடிந்ததென யாம் எழுந்தோம். சித்தப்பா ஒரு வாளியை எடுத்துவரச் சொல்லி, வண்டியின் பின்னே வைத்துவைத்து நகர்த்தச் செய்தார். நான்கடித் தொலைவில் வாளி முழுதும் தெரிந்தது. பின்புறத்தோடு ஒட்டி வைத்தபோது திரையில் அதன் சுவடும் இல்லை. "பார்த்தாயா? நல்ல கண்ணும் எல்லாம் காணாது. நீ போய்ப் பின்னே நில்" என்றார்.

அன்றிரவு உணவருந்துகையில் அவர் அமைதியாகச் சொன்னார்: "காமிராவுக்குக் கண் கெடவில்லை, தம்பி. பிடிப்புத்தான் தளர்ந்துபோயிற்று."

அவர் எதனைச் சொன்னார் என்பது எமக்கு விளங்கிற்று. எம் கண்ணும் அன்று கெடவில்லை. நின்ற இடத்தோடு அதற்கிருந்த பிடிப்பே தளர்ந்திருந்தது. சித்தப்பா எம்மைக் கடியாது விட்டதே எமக்குப் பெருந்தண்டமாயிற்று.

அன்பர்காள்! கடலைப் பாடுதல் குற்றமன்று. தமிழ் பயில்வோர்க்கு அஃது இயல்பேயாகும். ஆயினும், பிறர் ஒருவர் எம் சொல்லை நம்பிப் பின்னோக்கி வருங்கால் பாடுதல் குற்றமே. மறுநாட் காலை மணப்பாட்டினின்று புறப்படும்போது யாம் வண்டியின் பின்னே நின்றோம். திரையும் தெளிவாய் இருந்தது. ஆயினும் ஒவ்வோர் அடியும் குனிந்து பார்த்தே "வரலாம்" என்றோம். அன்று தொடங்கிய பாட்டு இன்னும் முதலடியிலேயே நிற்கின்றது.