திங்கட்கிழமை அம்மா

எங்கள் வீட்டில் திங்கட்கிழமைகளில் அம்மா இருக்க மாட்டாள். கலெக்டர் ஆபீஸில் அன்று மனு வாங்கும் நாள் என்பதால், திண்டிவனத்தில் காலை பாசஞ்சரைப் பிடித்து விழுப்புரம் போய்விடுவாள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொன்றிலும் நின்று போகிற வண்டி. மடியில் ஒரு ரெக்சின் பை. அதில் வெள்ளைத்தாள், கார்பன் தாள், இரண்டு பேனா. கூடவே நாலைந்து பெண்கள்: முதியோர் பணம் நின்றுபோனவர், மனைப்பட்டா கேட்டு நடப்பவர், புருஷன் செத்து வருஷம் ஆகியும் விதவைப் பென்ஷன் வராதவர். வண்டி ஓடும்போது எழுதினால் எழுத்து கோணும் என்று ஸ்டேஷனில் நிற்கும்போது மட்டும் எழுதுவாள். மயிலத்தில் பெயரும் ஊரும், பேரணியில் குறை, விக்கிரவாண்டியில் இன்னும் கொஞ்சம் குறை, முண்டியம்பாக்கத்தில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கும்போது கையெழுத்துதான் பாக்கி இருக்கும்.

மாவட்டம் பிரியும் முன்பெல்லாம் கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். மனு கொடுத்துவிட்டு வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஊரில் அதை அரசியலாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா பஸ் காசைக் கணக்குப் பார்த்தாள். புதிய மாவட்டத்துக்கு அரசியல் தலைவர் ராமசாமி படையாட்சியாரின் பெயரும் சேர்ந்திருந்தது. 1997இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆள் பெயர்கள் நீக்கப்படும்வரை, அந்த நீளமான பெயரை ஒரு எழுத்து குறையாமல் மனுவில் எழுதினாள். சுருக்கி எழுதினால் மனுவையும் சுருட்டிப் போட்டுவிடுவார்கள் என்பது அவள் நினைப்பு.

மனு எழுதும் பழக்கம் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனது. பக்கத்தில் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. 1991இல் புதுக்கோட்டையில் கிளம்பிய இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது பெரிய செய்தியானது. அந்த அலை எங்கள் பக்கமும் வந்தது. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. மூன்று பாடப்புத்தகம், சிலேட்டு, சாக்பீஸ், அரிக்கேன் விளக்கு, அவ்வளவுதான். பத்தாவது வரை படித்த, தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த அம்மா தொண்டராகப் பெயர் கொடுத்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகத்தான் போனாள்.

வகுப்பு ராத்திரி ஏழரைக்கு. ஆறு மணிக்கு வைத்தால் ஒருத்தியும் வர மாட்டாள், அடுப்பு வேலை இருக்கும். எட்டரைக்கு வைத்தால் தூங்கிவிடுவார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) சீசனில் அதுவும் நடக்காது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் ஊரே அதில்தான் இருக்கும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்கள் வெளி மாவட்டங்களுக்கெல்லாம் போனவை. பறிப்பும் உடைப்பும் தொடங்கினால் பெண்களுக்கு விரல் நுனி காய்த்துப்போய் சாக்பீஸ் நிற்காது. அந்த நாட்களில் அம்மா புத்தகத்தை மூடிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து காய் உடைத்தபடியே வாயால் பாடம் நடத்துவாள். "யக்கா, எழுத்தெல்லாம் அப்புறம் ஆவட்டும், மொதல்ல எம்பேர எழுதிக் காட்டு" என்பார்கள். பெயர் எழுதக் கற்றவுடன் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். மேலே இருப்பவர்களுக்கு இது தோல்விக் கணக்கு. அம்மா அப்படி நினைக்கவில்லை. "கைநாட்டு போச்சில்ல?" என்பாள்.

அந்தக் கையெழுத்துக்கு இரண்டு மூன்று வருஷத்தில் வேலை வந்தது. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கும் வந்து, மகளிர் குழுக்கள் பெருகின. சந்தா நோட்டு, தீர்மான நோட்டு, பேங்க் பாஸ்புக் என்று எங்கு பார்த்தாலும் கையெழுத்து கேட்டார்கள். மல்லாட்டை உடைத்தபடி பெயர் எழுதப் பழகியவர்களில் சிலர் குழுத் தலைவி ஆனார்கள். பிற்பாடு குழுக் கடன், வட்டி, வசூல் என்று அதுவும் வேறு மாதிரி ஆகிவிட்டது, அது தனிக் கதை.

போலியோ சொட்டுமருந்து ஞாயிறுகள், ரேஷன் கடைச் சண்டை, செங்கல் சூளையில் இருந்த இருளர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அலைந்தது என்று அம்மாவுக்கு வேறு வேலைகளும் உண்டு. இருளர்களுக்காகத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் பெரிய அளவில் போராடினார்கள். அம்மா செய்தது சின்ன வேலை: பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைப்பது, மறுநாள் வராவிட்டால் மறுபடி போய் அழைத்து வருவது.

சுனாமியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26க்கு அடுத்த நாள் மரக்காணம் பக்கம் கிளம்பினாள். ஊர் ஊராக வேனில் பழந்துணி வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் குவிந்தது. மீனவப் பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரிய மனசு பண்ணிக் குடுத்தா வேணாங்கறாங்க" என்று ஒருவர் குறைப்பட்டாராம். அம்மாவுக்கு வந்ததே கோபம். "கட்டிக் கழிச்சத நீ வாங்குவியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் திரும்பி நேரு வீதியில் உள்பாவாடையும் ஜட்டியும் மாதவிலக்குக்கான துணியும் டஜன் கணக்கில் வாங்கினாள். கடைக்காரரிடம் கடன் சொல்லித்தான். அரிசி, பிஸ்கட், தண்ணீர் பாக்கெட் எல்லாம் லாரியில் வந்தன. இதைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடனை அப்பா அடைத்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் அடைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமைகளில் எங்களுக்கு உலை வைத்துப் போட்டவரும் அவர்தான். "ஆம்பள அடுப்பூதற வூடு" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவருடைய பங்கை யாரும் தொண்டு என்று சொன்னதில்லை.

முண்டியம்பாக்கத்தில் 2010இல் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு அம்மாவின் திங்கட்கிழமை வாரத்தின் மற்ற நாட்களுக்கும் பரவியது. முதல் பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குத் துணை, ஸ்கேனுக்கு எந்த வரிசை, சீட்டு எங்கே போடுவது, காப்பீட்டு அட்டைக்கு என்ன கேட்பார்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதல்வர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்தாள். அப்போது அவளால் படி இறங்க முடியாது. தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று செய்தி வாசித்தார்கள். தொண்டுக்குக் கூலியா என்று நான் இழுத்தேன். "நல்லதுதான்டா. எங்களுக்கு வெளக்குக்கு எண்ணெய்க் காசாவது குடுத்திருக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் போய்விட்டாள்.

நான் ஏங்குவது அரிக்கேன் விளக்குக்காக அல்ல. அதில் கண் எரியும், கொசு கடிக்கும். அம்மா கையைப் பிடித்து நடந்தபோது திண்டிவனத்தில் எனக்கு அந்நிய வாசலே இல்லை. 'அக்கா மவன்' என்று கூழ் ஊற்றிக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. இப்போது சென்னையிலிருந்து போய் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினால் நான் ஒரு பயணி, அவ்வளவே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அவளுடைய பாசஞ்சர் போன அதே தடம். போனை எடுத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது, யார் வீட்டில் என்ன தேவை என்று கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று சொல்லியிருப்பாள்.

அறிவொளித் தொண்டர்களாகப் போனவர்களுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது, பணிப்பதிவேடு கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. அன்று இருபது வயதில் சிலேட்டு தூக்கியவர்களுக்கே இன்று ஐம்பதுக்கு மேல் ஆகிறது; அம்மா வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒலக்கூர், மயிலம், வானூர், விக்கிரவாண்டிப் பக்கம் உங்கள் வீட்டில் அப்படி ஒரு அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், எந்தத் தெருவில் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இந்த வாரமே கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள்.