குட்டி என்று வாங்கிய சுறா

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி மீன் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறார்கள். கடல் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். ஆனாலும் கூட்டம் மொய்ப்பது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வந்த கடல் மீனைத்தான்.

“பால் சுறாண்ணே, கடலூர்லேர்ந்து விடியகாலம் வந்துச்சு. பொண்ணு புள்ள பெத்திருக்கா? புட்டு வெச்சுக் குடுங்க, பால் ஊறும். எல்லாம் குட்டி, எலும்பே தெரியாது” என்றார் கடைக்கார அம்மா.

சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அதை விடுங்கள், எனக்கு இடறியது ‘குட்டி’தான்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒன்றரை அடி. மூக்கு கொத்தனார் கரண்டிபோலத் தட்டை. முதுகின் முதல் துடுப்பு வால் பக்கம் தள்ளி நின்றது. இரண்டாவது, நகக்கண் அளவு. ஸ்கோலியோடான்! விலங்கியல் படித்த எங்கள் தலைமுறைக்கு இது வகுப்புத் தோழன் மாதிரி. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, ஃபார்மலின் நெடியில் கண் எரிய, இதன் மண்டை நரம்புகளைத் தேடியிருக்கிறோம். இந்தச் சுறாவின் உடலமைப்பை விரிவாக எழுதி 1928-இல் நூலாகத் தந்தவர் ஈ.எம். தில்லையம்பலம், இலங்கைத் தமிழ்ப் பெண். எங்கள் வகுப்பில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

இந்தச் சுறாவின் முழு வளர்ச்சியே முக்கால் மீட்டருக்குள்தான். ஒரு அடியைத் தாண்டியதும் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, என் கையில் இருந்தது குட்டியே இல்லை.

அந்த அம்மா எடை போட்டு, அரிவாள்மனையில் வயிற்றைக் கீறினார். உள்ளே ஏழு குட்டிகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். ஒன்றைத் தூக்கியபோது தொப்புள் கொடியும் கூடவே வந்தது. கொடி முழுக்க மயிர்போல மெல்லிய இழைகள். சுறாக்களிலேயே மிகச் சிறிய முட்டை இதனுடையது, ஒரு மில்லிமீட்டர், ஏறக்குறைய கடுகளவு. அதில் மஞ்சள் கரு கிட்டத்தட்ட இல்லை. அதனால் கரு வெகு சீக்கிரமே கருப்பைச் சுவரில் ஒட்டி, ஐந்தாறு மாதம் தாயிடமிருந்தே உணவை உறிஞ்சி வளர்கிறது. பிறக்கும்போது அரையடிக்குக் கொஞ்சம் குறைவு. பாலுக்காக மக்கள் வாங்கும் சுறா, நம்மைப் போலவே நஞ்சுக்கொடி வைத்துப் பிள்ளை பெறுகிறது!

வாழ்வது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலிலும் ஆற்று முகத்துவாரங்களிலும். இறால், சிறுமீன், கணவாய் இதன் தீனி. கல்வராயன் மலையில் பெய்யும் மழை மணிமுக்தா ஆற்றில் இறங்கி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அப்படி ஆறு கடலில் கலக்கும் இடத்துக் கலங்கல் நீர்தான் இந்தச் சுறாவுக்கு வீடு. இழுவலைப் படகுகள் இறாலுக்காக அரித்தெடுப்பதும் அதே கரையோரத்தைத்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. வருடம் முழுக்கச் சினைப்படும் மீனுக்கு, ஐந்தாறு மாதச் சினைக்கு, அது போதாது என்பது என் கணக்கு.

“சினையாண்ணே? இந்தச் சைஸுல எப்பவும் இப்படித்தான் இருக்கும்” என்றபடி அந்த அம்மா ஏழு குட்டிகளையும் வாளியில் தள்ளினார்.

அடுத்த முறை பால் சுறா வாங்கும்போது, வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று வயிற்றைப் பாருங்கள்.